மூன்று பிஸ்டல், ஏழு மீட்டர்

டிசம்பர் 3, ஞாயிறு

சென்னியப்பன் காலையில் ஆட்டோவில் வந்து மூன்று அட்டைப் பெட்டிகளை ஹாலில் இறக்கிவிட்டுப் போனார். மூன்றிலும் ஏர் பிஸ்டல். பம்ப் கம்பெனியில் நான் தரப் பரிசோதனையில் இருந்தபோது அவர் ஸ்டோர்ஸில் இருந்தார். இப்போது எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்துச் செயலாளர். கேரம் ஆடி ஆடி எல்லோருக்கும் அலுத்துவிட்டதாம். சங்கக் கட்டடத்தின் பின்னால் அட்டை மாட்டிச் சுடப்போகிறார்களாம். விலை குறைந்த ரகத்தில் மாதிரிக்கு மூன்று வாங்கியிருக்கிறார்கள். எது தேறுகிறதோ அதில் இன்னும் நான்கு வாங்குவார்கள்.

“எது நேராச் சுடுதுன்னு நீங்கதானுங்க தண்டபாணி பாத்துச் சொல்லோணும். முப்பத்தோரு வருசம் பம்புக்கு ஓகே போட்ட கை,” என்றார். ஜனவரி 21 கூட்டம். அதற்கு முந்தின நாள் அறிக்கை வேண்டும்.

உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டுத்தான் சரி என்றேன். உண்மையில் அவர் ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

சுலோச்சனா புணே போய் இன்றோடு முப்பத்தொன்பது நாள். மகள் ஹேமா வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா நின்றுவிட்டாள். அதனால்தான் போனாள். வேறு காரணம் இல்லை. எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை. போ என்று சொன்னது நான் இல்லை. வா என்று சொல்ல வேண்டியதும் நான் இல்லை.

இரண்டு பேருக்குக் கட்டிய வீடுதான். ஒருவருக்கு இது ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

டிசம்பர் 4, திங்கள்

கொல்லையில் துணி துவைக்கும் கல்லிலிருந்து பின்சுவர் வரை டேப் பிடித்தேன். ஏழு மீட்டர் இருபது சென்டிமீட்டர். ஏழு மீட்டரில் சுண்ணாம்புக் கோடு. சுவரை ஒட்டிப் பழைய கதவுப் பலகை, அதன் முன்னால் இரண்டு மணல் மூட்டை, மூட்டைமேல் அட்டை.

பிஸ்டல்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். ஒன்று: குழலை மடித்து ஏற்றுவது, இரும்பு, நல்ல கனம். இரண்டு: பிளாஸ்டிக் பிடி, பக்கத்து நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் காற்று ஏறும். மூன்று: ஒன்றின் தம்பி மாதிரி, மரப்பிடி, பார்க்க அழகு. அழகாக இருக்கிற பாகத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது என் அனுபவம்.

முறை: ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு. அட்டையில் அதிகம் விலகியிருக்கும் இரண்டு ஓட்டைகளுக்கு இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று வெர்னியர் அளவுகோலில் அளப்பது. எண் சிறிதானால் பிஸ்டல் நல்லது. குண்டுகள் நடுப்புள்ளியை விட்டு விலகி விழுந்தாலும் பாதகமில்லை, ஒரே இடத்தில் விழுந்தால் போதும். குறிபார்க்கும் முள்ளைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். சிதறினால் ஒன்றும் செய்ய முடியாது.

வெர்னியரை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் அதில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. பொட்டா அது, கோடு. துடைக்கவில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

சுடவில்லை. சிலிண்டர் வரும் நாள். வந்தது.

டிசம்பர் 6, புதன்

ஒன்று 52. இரண்டு 41. மூன்று 88.

முதல் நாளே தெளிவாகிவிட்டது. இரண்டுதான். ஆனால் ஒரு தடவை அளந்ததை அளவென்று சொல்லக்கூடாது. வெள்ளிக்கிழமை மறுபடி.

கடையில் புது பிளேடு வாங்கினேன், மட்டமான சரக்கு. கன்னத்தில் இரண்டு இடத்தில் கீறிவிட்டது.

டிசம்பர் 8, வெள்ளி

ஒன்று 97. இரண்டு 70. மூன்று 61.

இது எப்படி? அதே தூரம், அதே குண்டு, காற்று இல்லை. புதன்கிழமை கடைசியில் நின்றது இன்று முதலில் நிற்கிறது. குண்டில்தான் கோளாறு. டப்பாவைக் கொட்டிக் கண்ணாடித் துண்டின்மேல் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். கோணலாக உருண்டவை நாற்பத்தாறு. ஒதுக்கிவிட்டேன். மத்தியானம் முழுக்க அதிலேயே போயிற்று. யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை என்பது மூன்று மணிக்குத்தான் உறைத்தது.

டிசம்பர் 11, திங்கள்

ஒதுக்கிய குண்டெல்லாம் போக மிச்சத்தில் சுட்டேன். ஒன்று 64, இரண்டு 102, மூன்று 79. குண்டில் கோளாறில்லை.

வங்கியில் கொடுத்த படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். கவுன்டரில் இருந்த பெண் புதுசு. “சார், கொஞ்சம் பெருசாப் போடுங்க, பழையதுல பெருசா இருக்கு,” என்றாள். முப்பத்தோரு வருடம் ஒரு நாளைக்கு நூறு கையெழுத்துப் போட்டவனுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுக்கிறாள்.

டிசம்பர் 12, செவ்வாய்

பால் தீய்ந்துவிட்டது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பிஸ்டல் இரண்டின் திருகுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன், வாசனையே வரவில்லை. பின்சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

“சார், உங்க வீட்ல ஏதோ தீயுதுங்க.”

பின்வீட்டு லூர்து மேரி. பிளவுஸ் தைப்பவர். ஜன்னலோரம் மெஷின் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். சுலோச்சனாவோடுதான் பேச்சு, என்னோடு இதுவரை பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். நான் பாத்திரத்தை இறக்கிவிட்டு வருவதற்குள் முன்வாசல் வழியாக வந்துவிட்டார். அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேஜைமேல் பிஸ்டலையும் பார்த்தார்.

“அப்பறம் சார், அந்த டப்பு டப்பு சத்தம். நேத்து திடுக்குனு தூக்கிப்போட்டு ஒரு பிளவுஸ் கழுத்தே கோணையாப் போச்சுங்க. எத்தன மணிக்குச் சுடுவீங்கன்னு சொல்லீட்டா நான் அந்நேரத்துக்குக் கை வேல பாத்துக்குவேன்.”

நியாயமான கோரிக்கை. காலை பத்து முதல் பதினொன்று என்று முடிவு செய்தோம். போகும்போது தீய்ந்த பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டுப் போனார். நான் கேட்கவில்லை.

டிசம்பர் 14, வியாழன்

மணல் பையின்மேல் பிஸ்டலை வைத்துச் சுட்டேன். ஒன்று 33, இரண்டு 19, மூன்று 47. திரும்பவும் சுட்டேன். 35, 19, 45.

பிரமாதமான எண்கள். ஆனால் இதை எடுத்துக்கொள்ள முடியாது. பிஸ்டல் பையில் படுத்திருக்கும்போது ஒரு மாதிரி துள்ளும், கையில் வேறு மாதிரி துள்ளும். சங்கத்துக்காரர்கள் பை வைத்தா சுடப்போகிறார்கள்? கையில் பிடித்துத்தான். கையில் பிடித்து அளப்பதே சரி.

டிசம்பர் 17, ஞாயிறு

ஹேமா கூப்பிட்டாள். குழந்தைக்குச் சளி. மாப்பிள்ளை டூர். பிறகு போனை அவள் அம்மாவிடம் கொடுத்தாள்.

“சாப்ட்டீங்களா?”

“ஆச்சு.”

“என்ன பண்ணுனீங்க?”

“சாதம், தயிர்.”

“காலைலயும் அதேதானா?”

“ம்.”

பின்னால் குழந்தை எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

“ஏனுங்க, கை எப்படி இருக்குது?”

சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

டிசம்பர் 20, புதன்

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். பிஸ்டலை உயர்த்தி மூன்று எண்ணுவதற்குள் சுட்டுவிட்டால் குண்டு நன்றாகப் போகிறது. ஏழெட்டு எண்ணும்வரை குறிபார்த்தால் சிதறுகிறது. மூன்று பிஸ்டலிலும் அதே கதை. விசையின் இழுப்பு கடினம் என்பதால் இருக்கலாம். மூன்று கம்பெனி, மூன்று வகை விசை. மூன்றிலும் ஒரே குறையா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

யாரும் கேட்கப்போவதில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள்.

டிசம்பர் 24, ஞாயிறு

இருபது நாள் எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். பிஸ்டல் இரண்டு: 41, 70, 102, 55, 88, 47. மற்ற இரண்டும் இதே லட்சணம். இதை வைத்து அறிக்கை எழுதினால் சென்னியப்பனே சிரிப்பார்.

கம்பெனியில் இப்படி அளவு தாறுமாறாக வந்தால் ஒரு வழக்கம் உண்டு. அதே பாகத்தை இரண்டாவது ஆளிடம் கொடுத்து அளக்கச் சொல்வோம். அவனுக்கும் தாறுமாறாக வந்தால் பாகத்தில் கோளாறு. அவனுக்கு ஒழுங்காக வந்தால்... சரி, அது அப்புறம்.

இரண்டாவது ஆள் வேண்டும். சென்னியப்பனைக் கூப்பிட்டேன், தோள்பட்டை ஆபரேஷன் ஆனதிலிருந்து கையைத் தூக்க முடியாதாம். வேறு யாரைக் கூப்பிடுவது என்று போனிலுள்ள பெயர்களை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். எலெக்ட்ரீஷியன், கேஸ், பால், பாதிப் பேர் செத்துவிட்டவர்கள். அழிக்க மனம் வராமல் வைத்திருக்கிறேன்.

லூர்து மேரி சுவர்மேல் ஒரு தட்டில் கேக் வைத்துவிட்டுக் கூப்பிட்டார். நாளை கிறிஸ்துமஸ்.

டிசம்பர் 28, வியாழன்

லூர்து மேரியிடம் கேட்டேவிட்டேன். பண்டிகைத் தையலெல்லாம் முடிந்து சும்மா இருந்தார். “நானா? துப்பாக்கியா?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டில் வந்து நின்றார்.

எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டேன். முதல் பத்துக் குண்டு மூட்டைக்கும் பலகைக்கும் போயிற்று. அப்புறம் என்னவோ பிடிபட்டுவிட்டது.

“சுடறப்ப மூச்சு விடக்கூடாதுங்களா, சார்?”

“விடக்கூடாது.”

“ஊசில நூல் கோக்கறப்பவும் நான் விட மாட்டேனுங்க.”

இன்று பயிற்சி மட்டும். அளவு இரண்டு நாள் கழித்து. அவர் போனபிறகும் கொல்லையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் ஒருவர் சிரித்து இரண்டு மாதம் ஆகிறது.

டிசம்பர் 30, சனி

லூர்து மேரி. ஒவ்வொரு பிஸ்டலிலும் மூன்று சுற்று.

ஒன்று: 58, 61, 57.
இரண்டு: 36, 34, 38.
மூன்று: 74, 70, 77.

அதே பிஸ்டல், அதே குண்டு, அதே கோடு. நான், இடையிடையே:

ஒன்று: 49, 110, 83.
இரண்டு: 92, 44, 105.
மூன்று: 67, 98, 59.

அவர் எண்களைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், இரண்டுதான் நல்லது, மூன்று கடைசி என்று. என் எண்களைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அட்டைகளை மேஜையில் பரப்பி வெர்னியரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். லூர்து மேரி டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நான் எடுத்தேன். சாஸரில் கப் மோதுகிற சத்தம் எனக்கே கேட்டது. இத்தனை நாள் கேட்காதது இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“அண்ணா,” என்றார். இதுவரை சார் என்றவர். “நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. அன்னிக்கு பிளவுஸ் கழுத்து கோணையாப் போச்சுன்னது பொய்யிங்க. அக்கா ஊருக்குப் போறப்ப எங்கிட்ட வந்து, பின் ஜன்னலச் சாத்தாத லூர்து, அவருக்குத் தீயற வாசன தெரியறதில்ல, கையும் சரியில்ல, சொன்னா எரிஞ்சு விழறாரு, நீ கொஞ்சம் பாத்துக்கன்னாங்க. வீட்டுக்குள்ள வர ஒரு சாக்கு வேணுமில்லீங்களா.”

நான் டீயைக் குடிக்கவில்லை. அவர் கப்பை எடுத்துப் பாதியைத் தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார். இப்போது எடுத்தபோது சிந்தவில்லை.

முடிவு: இன்று எழுதவில்லை.

ஜனவரி 1, திங்கள்

புது டைரி. போன வருடத்து டைரியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜனவரியில் ஒரு வரிக்கு ஆறு வார்த்தை. டிசம்பரில் அதே அகலத்தில் பன்னிரண்டு. ஒரு பக்கத்தில் நிறையப் பிடிக்கிறதே என்று நேற்று வரை பேனாவைப் பாராட்டிக்கொண்டிருந்தவன் நான். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. அந்த வங்கிப் பெண் சொன்னது சரி.

இதுவரை எழுதாததை எழுதிவிடுகிறேன். ஆயுத பூஜை அன்று வழக்கம்போல் வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் துடைத்துச் சாமி முன்னால் வைத்தேன். பொட்டு நான்தான் வைப்பேன். வெர்னியரில் வைத்த சந்தனம் பொட்டாக விழாமல் இழுத்துக் கோடாகிவிட்டது. “சந்தனத்தைத் தண்ணியாக் கரைச்சு வச்சிருக்கற,” என்று கத்தினேன். அவள் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினாள். வழியவில்லை, கெட்டியாக நின்றது. “சந்தனம் சரியாத்தானுங்க இருக்குது. உங்க கை நடுங்குது. ஒரு டாக்டர்ட்டப் போலாம் வாங்க,” என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இந்த வீட்ல குறை கண்டுபிடிக்கற வேல என்னோடது,” என்றேன்.

இரண்டு நாளில் புணே போய்விட்டாள். ஆயா நின்றது உண்மைதான். ஆனால் ஹேமா வேறு ஆயா பார்த்து இரண்டு வாரத்தில் வைத்துவிட்டாள். அதுவும் எனக்குத் தெரியும்.

ஜனவரி 3, புதன்

கம்பெனியில் இன்னொரு வழக்கமும் உண்டு, இதைச் செய்யத்தான் எல்லோரும் அஞ்சுவார்கள். அளக்கும் கருவியே கெட்டிருக்கிறது என்று தெரிந்தால், அதைச் சரிசெய்தால் மட்டும் போதாது. அது கடைசியாகச் சரியாக இருந்த தேதி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு அதால் அளந்து கழித்துப்போட்ட அத்தனை பாகங்களையும் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். நல்லது எத்தனை குப்பைக்குப் போயிற்றோ.

போன வருடத்து டைரியை முதலிலிருந்து படித்தேன். ஜூன் 11: “சுலோச்சனா கண்ணாடி தேடிக்கொண்டிருந்தாள். ஊசியில் நானே நூல் கோத்துக் கொடுத்தேன். முதல் தடவையிலேயே.” சரியாக இருந்த கடைசித் தேதி அதுதான். அதிலிருந்து ஆயுத பூஜை நாளான அக்டோபர் 23 வரை அவள்மேல் நான் சொன்ன குறைகள் இருபத்து மூன்று. எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு. வேறு யார் இப்படி மனைவியின் குறையை டைரியில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

ஜூலை 2: காபியைத் தளும்பத் தளும்ப ஊற்றிச் சட்டையெல்லாம் கறை. மறு ஆய்வு: டம்ளர் எப்போதும்போல்தான்.

ஜூலை 19: பொத்தானை இறுக்கித் தைத்துவிட்டாள், துளைக்குள் போகவில்லை. மறு ஆய்வு: இன்று அதே சட்டையைப் போட்டேன். பத்து நிமிடம் ஆயிற்று. பொத்தான் சரி.

ஆகஸ்ட் 6: ரசத்தில் பெருங்காயமே இல்லை, வாசனை வரவில்லை. மறு ஆய்வு: அடுக்களையில் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகில் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 27: மருதமலையில் என்னோடு வராதவள்போல் முன்னால் முன்னால் நடக்கிறாள். மறு ஆய்வு: அவள் நடை மாறவில்லை. என் நடைதான்.

செப்டம்பர் 9: காபி பாதி டம்ளர்தான் தருகிறாள். இதிலுமா கஞ்சத்தனம்.

இதற்கு மறு ஆய்வு எழுத முடியவில்லை. பேனாவை மூடிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன்.

ஜனவரி 7, ஞாயிறு

நானே கூப்பிட்டேன். ஹேமா எடுத்தாள். “அம்மாகிட்டக் குடு, கண்ணு,” என்றேன். அவள் பயந்துபோய், “என்னாச்சுங்கப்பா?” என்றாள்.

சுலோச்சனாவிடம், “ஒரு பட்டியல் படிக்கிறேன். முடியறவரைக்கும் ஒண்ணும் சொல்லாத,” என்றேன். டைரியைப் பார்த்து இருபத்து மூன்றையும் தேதியோடு படித்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் “தப்பு என்னோடது” என்றேன். படித்து முடித்தேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ஒண்ணு விட்டுட்டீங்க,” என்றாள்.

“என்ன?”

“ஸ்பூனு.”

டைரியில் இல்லாதது. செப்டம்பரில் ஒருநாள் என் தட்டின் ஓரம் ஒரு ஸ்பூன் வைத்தாள். நான் என்ன கைக்குழந்தையா என்று அதை எடுத்துச் சுவரில் எறிந்தேன். எழுதாமல் விட்டது மறந்துபோய் அல்ல. அன்று அவள் முகம் இருந்த விதத்தை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

“அதும் தப்பு என்னோடதுதான்,” என்றேன்.

“டாக்டர்ட்டப் போனீங்களா?”

“புதன்கிழமை போறேன்.”

“தனியாவா?” பிறகு அவளே, “எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேப்பாங்க. அடுக்களைல பால் காலண்டர் இருக்குதில்ல, போன வருசத்தது, அத எடுத்துட்டுப் போங்க,” என்றாள்.

போய்ப் பார்த்தேன். பால் வராத நாளுக்குச் சுழி போடுவாள், எனக்குத் தெரியும். சுழிக்குக் கீழே சில கட்டங்களில் பென்சில் புள்ளி. அதுவும் பால் கணக்கென்றே நினைத்திருந்தேன். முதல் புள்ளி ஜூன் 25, பக்கத்தில் பொடியாக: “வலது கட்டை விரல். டிவி பார்க்கையில்.” ஜூலையில் நான்கு புள்ளி. ஆகஸ்டில் பதினொன்று: “வாசனை இல்லை.” “கை வீசாமல் நடக்கிறார்.” செப்டம்பரில் கட்டமெல்லாம் புள்ளி. அக்டோபர் 23-இல் புள்ளி இல்லை. “சொன்னேன்” என்று மட்டும் இருந்தது.

முப்பத்தோரு வருடம் நான் வைத்த பதிவேடுகளில் இவ்வளவு சுத்தமாக ஒன்று கிடையாது. அவளை நான் அடுக்களையில் குறை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் என்னை இப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். காலண்டரைக் கழற்றாமல் அதன் முன்னாலேயே நின்று அழுதேன்.

ஜனவரி 10, புதன்

டாக்டர் நடந்து காட்டச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார். சுருள் ஒன்று வரையச் சொன்னார். உள்ளே போகப் போகச் சின்னதாகிவிட்டது. காலண்டரைக் கொடுத்தேன். வெகுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, “இத எழுதினவங்க வந்திருக்காங்களா?” என்றார்.

“இல்லைங்க. ஊர்ல இருக்காங்க.”

வியாதியின் பெயரைச் சொன்னார். பார்க்கின்சன். போகாது, ஆனால் மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், பயப்பட வேண்டாம் என்றார். பயப்படாமல் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். லூர்து மேரிக்குக் கொஞ்சம் சுவருக்கு மேலே கொடுத்தேன். அடிப்பிடித்திருந்தது; அவர்தான் சொன்னார்.

ஜனவரி 20, சனி

அறிக்கை முடிந்தது. ஒரு பக்கம்.

பரிந்துரை: பிஸ்டல் எண் இரண்டு. சுட்டவர்: திருமதி லூர்து மேரி. ஒன்பது சுற்று, ஏழு மீட்டர். மூன்று பிஸ்டலின் வேறுபாடும் அவர் அளவுகளில் தெளிவாக உள்ளது.

அதோடு முடித்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கீழே இன்னொரு வரி எழுதினேன்: தண்டபாணி சுட்டுக் கிடைத்த அளவுகள் கழிக்கப்பட்டன. காரணம், பிஸ்டல்களில் குறையில்லை. சுட்டவர் கையில் நடுக்கம்.

பெரிதாகக் கையெழுத்துப் போட முயன்றேன். மூன்றாவது தடவையில் கொஞ்சம் பெரிதாக வந்தது. சென்னியப்பன் படித்துவிட்டு மடித்து, தூக்க முடிகிற கையை என் தோளில் வைத்தார்.

ஜனவரி 27, சனி

காலை ரயிலில் சுலோச்சனா வந்தாள். ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். என் வேகத்துக்கு நடந்தாள். திரும்பிப் போக டிக்கெட் பிப்ரவரி 12-க்கு எடுத்திருக்கிறாளாம். வழியிலேயே சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையைப் பார்த்தாள், சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள், மேஜைமேல் இருந்த வெர்னியரைக் கையில் எடுத்தாள். அதிலிருந்த சந்தனக் கோட்டை நகத்தால் சுரண்டி, முந்தானையில் துடைத்து வைத்தாள். பிறகு அடுக்களைக்குள் போனாள். வெகுநாள் கழித்துப் பாத்திரம் உருளும் சத்தம்.

நான் அடுக்களை வாசற்படியில் நின்று, “அந்த டிக்கெட்டக் கேன்சல் பண்ணீர்றியா?” என்று கேட்டேன். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் அவளை இரு என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “காபி ஆறுது,” என்றாள்.

பாதி டம்ளர்தான் ஊற்றியிருந்தாள். அளவு சரி.